‘உங்களைப் போன்றவர்கள்’ என்றால் யார்?

‘உங்களுக்காகவே’ என்று ஒரு சொல் இப்போது எல்லாத் திரையிலும் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. செல்போனைத் திறந்தால் உங்களுக்காகவே பாட்டு, உங்களுக்காகவே செய்தி, உங்களுக்காகவே சேலை, உங்களுக்காகவே வரன். ‘உங்களுக்குன்னே எடுத்து வச்சேன், உக்காருங்க’ என்று கடைக்காரர் சொல்லும் மரியாதை நம்மில் பலருக்கு எந்தக் கடையிலும் கிடைத்ததில்லை. அதனால் இந்தச் சொல்லில் நமக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. ‘ங்க’ போட்டுப் பேசுகிறது. யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று கேட்காமலே வணக்கம் வைக்கிறது. கேட்கவில்லை என்றுதான் நாமும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஏற்பாட்டுக்குக் கணினித் தமிழில் ‘தனிப்பயனாக்கம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆளையும் தனித்தனியே தெரிந்துகொண்டு, அவரவருக்கு வேண்டியதை அவரவருக்குக் காட்டுவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவரைத் தனி ஆளாகவே பார்க்க மறுப்பதற்காக ஏற்பட்டதுதான் சாதி. அந்த அமைப்புக்குள் வந்து நின்றுகொண்டு ‘தனி ஆள்’ என்று ஒரு இயந்திரம் பேசினால், அது யாரைச் சொல்கிறது என்று கேட்காமல் விட முடியாது. கவிதையையும் நாவலையும் மட்டும்தான் விமர்சனம் செய்ய வேண்டும் என்று சட்டமில்லை. நம் பிள்ளைகள் ஒரு நாளில் நாவலைவிட அதிக நேரம் வாசிப்பது இந்தத் திரையைத்தான். அதையும் ஒரு பிரதியாக எடுத்து வாசிப்போம்.

இதன் பூர்வீகம் ஒரு புத்தக அலமாரியில் இருக்கிறது. 1979-ல் அமெரிக்காவில் எலைன் ரிச் என்ற ஆய்வாளர் ‘கிரண்டி’ என்ற கணினி நிரலைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். கிரண்டி ஒரு நூலகர் மாதிரி. வருகிறவரிடம் ‘உன்னைப் பற்றிச் சில சொற்களில் சொல்’ என்று கேட்கும். சொன்ன சொற்களை எடுத்துக்கொண்டு, தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் அச்சுகளில் அவரைப் பொருத்திப் பார்க்கும். இப்படிப்பட்ட ஆளுக்கு இப்படிப்பட்ட கதை பிடிக்கும் என்று எழுதிவைத்த வார்ப்புகள் அவை. பிறகு இந்த நாவலைப் படி என்று சொல்லும். அவர் வேண்டாம் என்றால், எது பிடிக்கவில்லை என்று கேட்டுத் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். ஆளைப் பார்த்து அவருக்கேற்றபடி நடந்துகொள்ளும் கணினி என்ற துறைக்கே முன்னோடி என்று இதைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே ‘வார்ப்புகள்’ என்ற சொல் இருக்கிறது. ஆளைத் தெரியாதபோது, அவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று முதலில் ஊகித்துக்கொள்வதுதான் வழி என்று அந்த அம்மையார் மறைக்காமல் எழுதினார். அந்த நேர்மை பின்னால் வந்தவர்களிடம் இல்லை.

1994-ல் மின்னசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு சிலருடன் சேர்ந்து ‘குரூப்லென்ஸ்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இணையத்தில் அன்றைக்கு இருந்த செய்திக் குழுக்களில் குவிந்துகிடந்தவற்றுள் எதை வாசிப்பது என்று தெரியாமல் ஜனங்கள் திணறியபோது, வாசித்தவர்கள் மதிப்பெண் போட்டார்கள். என்னைப் போலவே மதிப்பெண் போட்ட இன்னொருவருக்கு எது பிடித்ததோ அது எனக்கும் பிடிக்கும் என்பது கணக்கு. இதில் நான் யார் என்றுகூடத் தெரிய வேண்டாம். நான் யாரைப் போல என்று தெரிந்தால் போதும். அமேசான் சாமான் விற்பதும், நெட்ஃப்ளிக்ஸ் படம் காட்டுவதும், யூடியூப் அடுத்த வீடியோவை எடுத்து நீட்டுவதும் இந்த ஒரு வாக்கியத்தின் பல வகை விரிவுகள்: ‘உங்களைப் போன்றவர்கள் இதையும் பார்த்தார்கள்.’

‘உங்களைப் போன்றவர்கள்’ என்று வெள்ளைக்காரரிடம் சொன்னால் அவருக்கு ஒரே ரசனை உள்ள நாலு பேர் ஞாபகம் வரலாம். நமக்கு அது ‘உங்க ஆளுங்க’ என்று கேட்கும். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் உட்கார்ந்த ஆள் பேச்சுக் கொடுப்பார். ‘எந்த ஊருங்க?’ சொல்வோம். ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ அதையும் சொல்வோம். ‘மாரியம்மன் கோயிலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?’ மூன்றாவது கேள்வியில் அவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். நான்காவதாக அவர் கேட்பதே இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். சாதிப் பட்டத்தைப் பேரோடு சேர்க்காதே என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலிருந்து சொல்லிச் சொல்லி, தமிழ்நாட்டில் பேருக்குப் பின்னாலிருந்த வாலை வெட்டினோம். வால் போனதும் கேள்வி வளர்ந்தது. நேரே கேட்காமல், சுற்றிவளைத்து, சின்னச் சின்ன அடையாளங்களைக் கூட்டி ஆளைக் கண்டுபிடிக்கும் கலை நம் ஊரில் எவருக்கும் சொல்லிக்கொடுக்காமலே வரும். பரிந்துரை நிரல் செய்வதும் அதே வேலைதான். அது மூன்று கேள்விக்குப் பதில் மூவாயிரம் அடையாளங்களை எடுத்துக்கொள்கிறது. எந்தப் பாட்டை முழுசாகக் கேட்டாய், எந்தத் தலைவர் பேசும்போது விரலால் தள்ளிவிட்டாய், உன் போனில் யார் யார் நம்பர் இருக்கிறது, ராத்திரி எந்தக் கோபுரத்தின் கீழ் தூங்குகிறாய்.

அம்பேத்கர் 1916-ல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், சாதி என்பதன் உயிர்நிலை அகமணம் என்று காட்டினார். சாதியைச் சாதியாக நிறுத்திவைத்திருப்பது தனக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்பது அவர் வாதம். 1936-ல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் கலப்பு மணத்தையே உண்மையான மருந்து என்றார். ஆகவே தனிப்பயனாக்கம் நம் மண்ணில் என்ன செய்கிறது என்று பார்க்க விரும்புகிறவர் பாட்டு, படம் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டாம். கல்யாணம் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

தமிழர்களின் இணைய வரலாற்றில் கல்யாணத்துக்கு முக்கியமான இடம் உண்டு. 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த முருகவேல் ஜானகிராமன் அங்குள்ள தமிழர்களுக்காக ஒரு இணையதளம் நடத்தினார். அதில் ஜனங்கள் அதிகம் தேடி வந்தது திருமணப் பகுதிக்கு. அதிலிருந்து ‘பாரத் மேட்ரிமோனி’ பிறந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த நிறுவனம் 2017-ல் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது. மொழிவாரியாகத் தளம், பிறகு சமூகவாரியாகத் தளம். நூற்றுக்கணக்கான சாதிகளுக்குத் தனித்தனி வாசல். வன்னியருக்கு ஒன்று, கவுண்டருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று. இந்த வியாபாரத்தில் அவர்கள் மட்டும் இல்லை, வேறு நிறுவனங்களும் இருக்கின்றன. சாதிச் சங்கங்களே நடத்தும் தளங்களும் இருக்கின்றன. இணையம் உலகத்தையே ஒரு கிராமமாக்கிவிடும் என்று ஒரு காலத்தில் மேடையில் பேசினார்கள். ஆக்கித்தான்விட்டது. ஊரும் சேரியும் உள்ள கிராமமாக.

‘தரகர் காலத்திலும் இதுதானே நடந்தது, கணினியை ஏன் குறை சொல்ல வேண்டும்’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தரகருடைய நோட்டில் சாதி இருந்தது. சாதிச் சங்கப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளின் வரி விளம்பரத்தில் இருந்தது. ஆனால் தரகர் தன்னைப் புதுமை என்று சொல்லிக்கொண்டதில்லை. அவருக்குத் தெரிந்தது நாலு ஊர். அதற்குள்தான் சொந்த சாதியைத் தேட முடியும். அகப்படாவிட்டால் அங்கங்கே சமரசம் செய்துகொள்ள வேண்டிவந்தது; உட்பிரிவைக் கொஞ்சம் தளர்த்த வேண்டிவந்தது. இப்போது உட்பிரிவிலும் உட்பிரிவு, கூட்டம், கோத்திரம், கூடவே ‘அமெரிக்காவில் பச்சை அட்டை’ என்று எல்லாமே பொருந்தும் ஒருவரைக் கண்டம் தாண்டிக் கொண்டுவந்து நிறுத்த முடிகிறது. தூரமும் நகரமும் பெயர்ச்சியும் சாதியைக் கொஞ்சமாவது கரைக்கும் என்று நாம் நம்பியிருந்தோமே, அந்த இடத்தில்தான் வந்து அணை போட்டிருக்கிறது.

அந்த விண்ணப்பத்தை வரிவரியாக வாசித்துப் பார்க்க எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. கடத்தூர்ப் பக்கம் ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை. பெண்ணுக்கு மாப்பிள்ளை தேட ஏதோ ஒரு தளத்தில் பதிவு பண்ண வந்திருந்தார் ஒரு அம்மா. நம் ஜனம்தான். கடைப் பையன் தட்டிக்கொண்டிருந்தான்.

‘பேரு, வயசு போட்டாச்சு. சாதி என்னக்கா போடட்டும்?’

‘அது எதுக்கு தம்பி? புள்ள டீச்சருக்குப் படிச்சிருக்குன்னு போடு.’

‘அதுக்கு வேற எடம் பின்னால வருதுக்கா. இது போட்டாத்தான் அடுத்த பக்கம் தெறக்கும்.’

‘சரி, எஸ்.சி.ன்னு போடு.’

‘எஸ்.சி.ல என்னன்னு கேக்குது.’

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பையன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். அவனும் கெட்டவன் இல்லை. கடையில் இன்னும் நாலு பேர் நின்றிருந்ததுதான் காரணம். அவர் மெதுவாகச் சொன்னார், அவன் தட்டினான். அடுத்த பக்கம் ‘உங்கள் எதிர்பார்ப்பு’ என்று திறந்தது. அதில் சாதி என்ற பெட்டி ஏற்கெனவே நிரம்பியிருந்தது. அவர் சொன்ன அதே சாதி. அந்த அம்மா எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை. ‘நல்ல பையனா, குடிக்காதவனா இருந்தாப் போதும்’ என்பதுதான் அவர் கடைக்குள் நுழையும்போது சொன்னது. அதற்குப் பெட்டி இருந்தது, கடைசியில், வெறுமையாக.

பிரதியின் அதிகாரம் இந்த வரிசையில் இருக்கிறது. எந்தக் கேள்வி முதலில், எது கட்டாயம், எது பிறகு நிரப்பிக்கொள்ளலாம், எதை நீ சொல்லாமலே நான் நிரப்பிவைப்பேன். ‘நாங்கள் சாதி பார்ப்பதில்லை, வாடிக்கையாளர் விருப்பத்தைத்தான் பிரதிபலிக்கிறோம்’ என்று நிறுவனக்காரர்கள் சொல்வார்கள். விருப்பம் என்பது கேட்கும் விதத்திலும் பிறக்கிறது. முன்கூட்டியே டிக் போட்ட பெட்டியை எடுத்துவிட ஒரு துணிச்சல் வேண்டும்; விட்டுவிட ஒன்றும் வேண்டாம். அதுவும் அப்பனும் சித்தப்பனும் தோளுக்குமேல் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த டிக்கை எடுக்கும் பெண் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு வாசகம் உண்டு. செய்தித்தாள் விளம்பரத்தில் பிறந்து இணையத்துக்குக் குடிவந்தது. ‘சாதி தடையில்லை (எஸ்.சி./எஸ்.டி. நீங்கலாக).’ தமிழில் எழுதப்பட்ட மிகச் சுருக்கமான சமூகவியல் நூல் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அடைப்புக்குறிக்கு வெளியே முற்போக்கு, உள்ளே நாம். சாதி தடையில்லை என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் மனசில் சாதி என்பதே அந்தக் கோட்டுக்கு மேலே உள்ளதுதான். கீழே உள்ளது சாதிகூட இல்லை. நிரல் இந்த வாக்கியத்தைப் படித்துக் கூச்சப்படாது. அதை ஒரு வடிகட்டியாக மாற்றி அமல்படுத்தும். அடைப்புக்குறிக்குள் இருப்பவருக்கு, தான் வடிகட்டப்பட்டது தெரியவும் தெரியாது. வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினால் சண்டையாவது போடலாம். வாசலே கண்ணுக்குக் காட்டப்படாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

இது ‘நம் மனப்பிரமை’ என்பவர்களுக்காக ஒரு ஆய்வைச் சொல்லிவைக்கிறேன். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்ட நான்கு பொருளாதார அறிஞர்கள் வங்காள நாளிதழ் ஒன்றின் மணமக்கள் விளம்பரங்களை எடுத்துக்கொண்டு, யார் யாருக்குப் பதில் எழுதினார்கள் என்று ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். பெண் வீட்டார், சொந்த சாதிக்கு வெளியே போவதைத் தவிர்ப்பதற்காக, பள்ளிக்கூடமே போகாதவருக்கும் முதுகலை படித்தவருக்கும் உள்ள வித்தியாசத்தைக்கூட விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள் என்பது அவர்கள் கண்டது. படித்தால் மாறும் என்று நமக்குச் சொன்னவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நாட்டில் நடக்கும் திருமணங்களில் சாதி தாண்டியவை நூற்றுக்கு ஐந்து, ஆறுதான் என்று 2011-12-ல் எடுத்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வும் சொல்கிறது.

இடையில் ஒரு வேடிக்கை. சோதிடர்கள் வழக்கமாக எண்ணும் பத்துப் பொருத்தத்தில் தினம், கணம், யோனி, ரஜ்ஜு என்று எல்லாம் வரும். சாதிப் பொருத்தம் என்று தனியே ஒன்று வராது. சாதகம் கையில் வருவதற்கு முன்பே அது முடிந்துபோன விஷயம் என்பதால் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. கணினியில் பத்துப் பொருத்தமும் பார்க்கிறார்கள். பதினோராவதை மட்டும் கணினிக்காரர் வெளிப்படையாகவே எழுதிவிட்டார். அந்த மட்டில் சோதிடரைவிட இவர் யோக்கியர்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். வார்ப்பை வைத்து ஆளை ஊகிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தருமபுரியைவிடக் கண்முன்னே பார்த்தவர்கள் இல்லை.

நாயக்கன்கொட்டாய் பக்கத்து நத்தம் காலனி இளைஞர் இளவரசன் 2012 அக்டோபரில் வன்னியர் சாதிப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். நவம்பர் 7-ந் தேதி பெண்ணின் தகப்பனார் தற்கொலை செய்துகொண்டார். அன்று சாயங்காலமே நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளுக்குள் கூட்டம் புகுந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. பெங்களூருக்குப் போய்க் கட்டட வேலை செய்து சம்பாதித்த பீரோவும் டி.வி.யும் மோட்டார் சைக்கிளும் எரிந்தன. பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள் எரிந்தன. 2013 சூலை 4-ந் தேதி தருமபுரியில் ரயில் பாதையோரம் இளவரசன் பிணமாகக் கிடந்தார். பத்தொன்பது, இருபது வயசு.

அந்த மாதங்களில் என்ன பேசப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. தலித் இளைஞர்கள் ஜீன்ஸ் பேண்ட்டும் டீ-சர்ட்டும் கூலிங்கிளாசும் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களைக் காதல் நாடகமாடி ஏமாற்றுகிறார்கள் என்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசிவந்தார். தலித் அல்லாத சாதிகளின் அமைப்புகளைக் கூட்டி ஒரு அணியும் சேர்த்தார். ஜீன்ஸ், டீ-சர்ட், கூலிங்கிளாஸ். மூன்று அடையாளம், அதிலிருந்து ஒரு ஆள், அந்த ஆளிலிருந்து ஒரு ஜனம் முழுவதும். கிரண்டியின் வார்ப்புகூட இவ்வளவு மலிவாக இருந்ததில்லை. அதற்குப் பிடிக்காத பதில் வந்தால் திருத்திக்கொள்ளவாவது தெரியும். இளவரசன் அந்த மாவட்டத்தில் ஒரு தனி ஆளாகத்தான் நடந்துகொண்டார். எனக்கு இவரைப் பிடிக்கிறது, இவருக்கு என்னைப் பிடிக்கிறது என்ற இரண்டு வாக்கியங்களில் நின்றார். எந்தப் பரிந்துரையும் அவர்களைச் சேர்த்திருக்காது. அதனால்தான் மூன்று ஊர் எரிந்தது. தனி ஆளின் விருப்பத்தைப் பற்றி இவ்வளவு பேசும் தொழில்நுட்பம், தனி ஆளாக விரும்பியதற்காகச் செத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை யோசித்ததுண்டா?

கணினி படித்தால் வேறு உலகம் கிடைக்கும் என்பதும் பொய்த்துப்போன ஒரு நம்பிக்கை. 2025 சூலை 27-ல் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்ட கவின் செல்வகணேஷ் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்.

‘காலனி’ என்ற சொல்லையும் கவனியுங்கள். நத்தம் காலனி என்று முகவரியில் எழுதினாலே எல்லாம் சொல்லியாகிவிட்டது. 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் சாமான் கொண்டுவரும் பையன் போனில் ஓடும் வரைபடத்துக்கு அந்தச் சொல் வேண்டாம். ஊருக்கு வெளியே, ஓடைக்கு அந்தப் பக்கம், நெருக்கமாக நூறு கூரை என்றாலே போதும். பலகையைக் கழற்றினாலும் இடம் பேசும்.

இந்த விஷயத்தைப் பற்றி வெளிநாட்டில் எழுதியவர்களில் பேர்பெற்றவர் இலாய் பரிசர். ‘வடிகட்டிக் குமிழி’ என்ற கருத்தை வைத்து 2011-ல் புத்தகம் போட்டார். 2009 டிசம்பரிலிருந்து கூகுள் ஒவ்வொருவருக்கும் தேடல் முடிவுகளை வேறுவேறாகக் காட்ட ஆரம்பித்தது. இப்படியே போனால் ஆளாளுக்கு ஒரு குமிழிக்குள் தனித்துப்போய், எல்லோருக்கும் பொதுவான வெளி இல்லாமல் போய்விடும் என்பது அவருடைய கவலை. நம்மவர்களும் இதை எடுத்துத் தமிழில் நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. எந்தப் பொதுவெளி போய்விட்டது என்று அழுகிறோம்? இரட்டைக் குவளை வைத்திருந்த டீக்கடையா? நம் தெரு வழியே தேர் வராத திருவிழாவா? பரிசருடைய ஊரில் ஒரு சதுக்கம் இருந்து இழந்திருக்கலாம். நம் ஊரில் குமிழிதான் மூத்தது. இணையம் அதற்கு மின்சாரம் கொடுத்தது. இரவல் வாங்கிய துக்கத்தை நாம் அப்படியே சுமக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால், சேரிப் பையன் ஒருவன் பறையடிக்கும் வீடியோ முன்பின் தெரியாத லட்சம் பேர் திரையில் போய் நிற்கிறதே, அது இதே பரிந்துரையால்தான் நடக்கிறது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் அதே குழாயில் வேறு தண்ணீரும் வருகிறது. 2012-ல் யூடியூப், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை முக்கிய அளவுகோலாக்கியது. வீராப்பும் அரிவாளும் ‘ஆண்ட பரம்பரை’யும் கலந்த பாட்டு ஒன்றை ஒரு பள்ளிக்கூடப் பையன் கடைசிவரை கேட்டுவிட்டால், அடுத்து அவனுக்கு வருவது அதைவிடக் காரமான இன்னொன்று. அவன் கையில் கட்டும் வண்ணக் கயிறும் இதுவும் ஒரே வேலையைச் செய்கின்றன: நீ யாரைப் போல என்று சொல்வது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அது 2024-ல் கொடுத்த அறிக்கை அந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. கயிற்றைப் பள்ளிக்கூட வாசலில் அறுக்கலாம். திரையில் ஓடுவதை எந்த வாத்தியார் அறுப்பது?

வாட்ஸப்பில் பரிந்துரை நிரல் கிடையாது. அங்கே மனுசங்களே நிரல். 2015 சூனில் கோகுல்ராஜ் கொல்லப்பட்ட வழக்கில் தேடப்பட்ட யுவராஜ், தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸப்பில் ஒலிப்பதிவு மேல் ஒலிப்பதிவாக அனுப்பினார். போலீசுக்குக் கிடைக்காத ஆள், சாதிக்காரர் ஒவ்வொருவர் காதுக்கும் கிடைத்தார். 2022 மார்ச்சில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றமும் 2023-ல் அதை உறுதிசெய்தது.

நம் பக்கத்தையும் பேசாமல் விட்டால் அது விமர்சனம் ஆகாது. அடைப்புக்குறிக்குள் நம்மைப் போட்டதற்குக் கோபப்படுகிறோம். ஆதிதிராவிடருக்கென்று உள்ள பக்கத்தில் நாம் போய் நின்றதும் என்ன செய்கிறோம்? பறையர் என்றால் பறையர் மட்டும், பள்ளர் என்றால் பள்ளர் மட்டும். அருந்ததியர் வரன் என்று தெரிந்தால் நம் விரலும் தள்ளிவிடுகிறது. படித்து வேலைக்குப் போன குடும்பம்தான் இதில் முன்னால் நிற்கிறது. மேடையில் தலித் ஒற்றுமை, போனில் உட்பிரிவு. நிரல் நம்மிடமிருந்தும்தான் பாடம் படிக்கிறது. கலப்பு மணம் என்றால் சாதி இந்துப் பெண்ணை நம் பையன் கட்டுவது மட்டும்தானா? அந்த டிக்கை நாம் எடுப்பது எப்போது?

அப்படியானால் சாதி என்ற பெட்டியையே எல்லா இடத்திலிருந்தும் தூக்கிவிடச் சொல்கிறாயா என்று கேட்கலாம். இல்லை. அங்கேதான் நம் வழி, ‘சாதியைப் பற்றிப் பேசாமலிருந்தால் சாதி போய்விடும்’ என்ற மேட்டுக்குடி ஞானத்திலிருந்து பிரிகிறது. 2009-ல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது என்றால், யார் எங்கே எத்தனை பேர் என்று கேட்டதால் வந்தது. உரிமைக்காகச் சாதியைச் சொல்வது வேறு, விலக்குவதற்காகச் சாதியைக் கேட்பது வேறு. முதலாவதில் நான் சொல்கிறேன், அரசு கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாவதில் அவன் ஊகிக்கிறான், எனக்குத் தெரிவதுகூட இல்லை.

வேதனை என்னவென்றால் இரண்டும் தலைகீழாக நடக்கிறது. நம்மைத் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் கணினிக்கு நம்மைத் தெரிவதில்லை. அரூரிலோ பென்னாகரத்திலோ ஒரு பிள்ளை கல்லூரியில் சேர்ந்தால், சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையம், வருமானச் சான்றிதழுக்கு மறுபடி இ-சேவை மையம், உதவித்தொகைக்கு வேறொரு தளம், அதில் ஆதாரோடு வங்கிக் கணக்கு சேரவில்லை என்று திரும்பவும் வங்கி. ஒவ்வொரு வாசலிலும் தான் யார் என்று முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். மாப்பிள்ளை காட்ட ஐந்து நொடியில் நம் சாதியைப் பிடித்துக்கொள்ளும் உலகத்தில், ‘உனக்கு இந்த உதவித்தொகை உண்டு, இத்தனாந் தேதிக்குள் போடு’ என்று தானாக வந்து சொல்லும் திரை எத்தனை பிள்ளைகளுக்கு வாய்த்திருக்கிறது? ‘உங்களுக்காகவே’ என்ற சொல்லுக்கு ஒரு நல்ல அர்த்தம் இருக்குமானால் அது இந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும். லாபம் இல்லாத இடம் என்பதால் இங்கே யாரும் மூளையைச் செலவழிக்கவில்லை.

அமெரிக்காவில் 2016-ல் ஒரு விஷயம் வெளிவந்தது. பேஸ்புக்கில் வீட்டு விளம்பரம் கொடுப்பவர், அது கறுப்பின மக்கள் கண்ணில் படாதபடி மறைத்துவைக்க முடிகிறது என்று புரோபப்ளிகா பத்திரிகையாளர்கள் தாங்களே விளம்பரம் கொடுத்துக் காட்டினார்கள். சிவில் உரிமை அமைப்புகள் வழக்குப் போட்டன. 2019-ல் வீடு, வேலை, கடன் ஆகிய மூன்று வகை விளம்பரத்திலும் அப்படி ஆளைப் பிரிக்கும் வசதிகளை எடுத்துவிட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. அங்கே அதைச் சாதிக்க முடிந்ததற்கு 1968-லேயே வந்த வீட்டு வசதிச் சட்டம் கையிலிருந்தது. நம் கையில் என்ன இருக்கிறது? சென்னையில் ‘சைவம் மட்டும்’ என்று பலகை மாட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். எந்தச் சட்டத்தில் போய் நிற்பது என்று தெரியாது.

தகவல் பாதுகாப்புக்கென்று வந்த சட்டத்தின் கதையையும் நம் தோழர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2018-ல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு கொடுத்த வரைவில், உடல்நலம், மதம் போன்றவற்றோடு சாதியும் பழங்குடி அடையாளமும் ‘நுண்ணுணர்வுத் தகவல்’ என்று தனியே வைக்கப்பட்டிருந்தது. அவற்றைத் தொடுவதென்றால் கூடுதல் கட்டுப்பாடு. 2019 மசோதாவிலும் அது இருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அப்படி ஒரு பிரிவே இல்லை. என் சாதியும் என் செருப்பு அளவும் அந்தச் சட்டத்தின் முன் ஒரே தரம். 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. நாடாளுமன்றத்தில் இது கழன்று விழுந்தபோது நம் இயக்கங்கள் எதுவும் பெரிதாகச் சத்தம் போட்டதாக எனக்கு நினைவில்லை. கணினி சமாசாரம், யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டோம்.

பெங்களூரிலும் சென்னையிலும் இதே மாதிரி நிறுவனங்களில் உட்கார்ந்து நிரல் எழுதும் நம் பிள்ளைகள் இன்று சில பேராவது இருக்கிறார்கள். எந்தப் பெட்டி கட்டாயம் என்று யார் தீர்மானிக்கிறார்கள், எதிர்பார்ப்பில் சொந்த சாதியை நிரப்பிவைக்கச் சொன்ன கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள், அப்போது அவர்கள் வாயைத் திறந்தார்களா, திறக்க முடிந்ததா என்பதை அவர்கள்தான் எழுத வேண்டும். பேர் போடாமல் அனுப்பினாலும் சரி. கடைப் பையன்களும் எழுதலாம். இந்த மாவட்டத்தில் யார் என்ன தேடுகிறார்கள், எந்தப் பெட்டியில் வந்து குரல் தாழ்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரியாது.